பேரைத் தேடாதீங்க தம்பி, ஊரையும் நிலத்தையும் தேடுங்க

கேள்வி: வணக்கம் அக்கா. சொந்த ஊர் கடலூர் பக்கம் தூக்கணாம்பாக்கம், வேலை சென்னையில. எங்க தாத்தா 1934ல பொறந்தவர், இப்ப இல்ல. போன மாசம் அவருக்கு திதி குடுத்தப்ப ஐயர் மூணு தலைமுறை பேரு கேட்டாரு, தாத்தாவோட அப்பா பேருக்கு மேல எங்க நைனாவுக்கே தெரியல, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. வம்சாவளி போடலாம்னு ஒரு ஆப் டவுன்லோடு பண்ணேன், எடுத்ததுமே குடும்பப் பேரு என்னன்னு கேக்குது, நமக்கு இனிஷியல்தானே. ஆயா இருக்காங்க, 84 வயசு, பாகூர்ல பொறந்தவங்க, இப்ப மஞ்சக்குப்பத்துல சித்தப்பா வீட்டுல இருக்காங்க. தாத்தாவோட பெரியப்பா ஒருத்தர் கப்பல் ஏறி மோரீசு போனவர் திரும்பவே இல்லன்னு ஒரு கதை வேற இருக்கு. டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா எல்லாம் வந்துடும்னு ஃப்ரெண்டு சொல்றான். நைனாவோ "செத்தவங்கள எதுக்குடா கிளர்ற"ன்னு கத்துறாரு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பதில்:

தம்பி, மொதல்ல அந்த ஆப்பை மூடி வைங்க. ஆப் மேல ஒண்ணும் தப்பு இல்ல, வெள்ளைக்காரன் குடும்பத்துக்கு செஞ்சது அது, அங்க பேரைப் புடிச்சிகிட்டே நானூறு வருஷம் பின்னாடி போயிடலாம், நமக்கு அப்படி முடியாது. உங்க தாத்தா பேரு இருக்குற ஆளுங்க தூக்கணாம்பாக்கத்துலயே பத்து பேரு இருந்திருப்பாங்க. பேருக்குப் பின்னாடி போட்டிருந்த பட்டமும் குடும்பப் பேரு கிடையாது, ஊர்ல பாதி பேருக்கு அதே பட்டம்தான், ஒரே ஆளுக்கே ஒரு பத்திரத்துல பட்டம் இருக்கும் அடுத்த பத்திரத்துல இருக்காது. நம்ம ஆளுங்கள நகராம புடிச்சி வச்சிருந்தது ரெண்டே விஷயம், ஒண்ணு நிலம், இன்னொண்ணு பொண்ணு குடுத்து எடுத்த ஊரு. அது ரெண்டையும் புடிச்சிகிட்டு போனா பேரு தானா பின்னாடி வரும்.

நான் புதுச்சேரியில பழைய பிரெஞ்சு பதிவுங்களை தமிழ்ல மொழிபெயர்க்கிற வேலை பாக்குறவ, வாரிசு கேஸு, நாட்டுரிமை கேஸு, சொத்து கேஸுன்னு வர்றவங்களுக்கு பழசை தேடியும் குடுப்பேன். எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு ஆபீசுங்களை எல்லாம் சுத்தி முடிச்சிட்டு, வீட்டுல இருக்குற கெழவியை ஒரு வார்த்தை கேக்காமயே வர்றாங்க. கவர்மெண்ட் ரெக்கார்டு அடுத்த வருஷமும் அங்கயேதான் இருக்கும், 84 வயசு ஆயாவுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால இந்த வார லீவுல மஞ்சக்குப்பம் போங்க.

போயி "ஆயா, உங்க மாமனாரோட அப்பா பேரு என்ன"ன்னு நேரா கேட்டுடாதீங்க. "எனக்கு என்னப்பா தெரியும்"னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்கு வெத்தலையை எடுத்துடுவாங்க. அந்தக் காலத்து பொம்பளைங்களுக்கு வம்சம்ங்கறது பேரு லிஸ்டா மனசுல நிக்காது, முறையாவும் சடங்காவும்தான் நிக்கும். அந்த வழியில கேளுங்க. "யாரு வீட்டுல சாவு விழுந்தா நமக்கு தீட்டு?" இந்த ஒரு கேள்வியிலேயே தாத்தா பக்கத்துப் பங்காளி வீடு மொத்தமும் வந்துடும், எந்தத் தெரு, எந்த ஊருக்கு குடிபோனவங்க, யாரோட சண்டை போட்டு தீட்டு காக்குறதை விட்டோம்னு சேர்த்தே வரும். அடுத்தது "எந்த வீட்டுல பொண்ணு எடுக்கலாம், எந்த வீட்டுல எடுக்கக் கூடாது, ஏன்?" எடுக்கக் கூடாதுன்னு சொல்ற வீட்டுக்காரன் பங்காளியா இருப்பான், எப்ப பிரிஞ்சான்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஆனா முறை மட்டும் ஞாபகம் இருக்கும். அப்புறம் "உங்க கல்யாணத்துல தாய்மாமன் சீர் யாரு செஞ்சது, பத்திரிகையை மொதல்ல எந்த வீட்டுல வச்சாங்க, நைனாவுக்கு காதுகுத்துறப்ப யாரு மடியில ஒக்கார வச்சாங்க?" இப்படியே போங்க.

ஆயா தாத்தா பேரை வாயால சொல்ல மாட்டாங்க, மாமனார் பேரையும் சொல்ல மாட்டாங்க, வற்புறுத்தாதீங்க. நீங்களே ஒரு பேரை சொன்னா தலையை ஆட்டுவாங்க, இல்லன்னா "அந்தப் பேருதான், நம்ம மலை மேல இருக்குற சாமி பேரு"ம்பாங்க, அது போதும். கூப்புட்ட பேரையும் விடாம எழுதிக்குங்க, மொட்டை, கறுப்பன், சின்னப்பையன், எதுவா இருந்தாலும். பத்திரத்துல "சின்னப்பையன் என்கிற" அப்படின்னு போட்டு அதுக்கப்புறம்தான் நெசப் பேரு வர்றதை நெறைய பாக்குறேன், அந்த நேரத்துல இந்த கூப்புட்ட பேருதான் ஆளை காட்டிக் குடுக்கும்.

செல்லை ரெக்கார்டிங்ல போட்டு டேபிள் மேல வச்சிடுங்க, மூஞ்சிக்கு நேரா புடிக்காதீங்க. அரை மணி நேரம் போதும், அசந்துட்டா விட்டுட்டு அடுத்த வாரம் போங்க. அதே கேள்வியை ரெண்டாவது தடவை கேக்குறப்ப மொத தடவை வராத ஒரு அத்தை வருவாங்க பாருங்க. கூட சித்தப்பா, பெரியப்பான்னு நாலு பேரை ஒக்கார வச்சிடாதீங்க, அவங்க திருத்துவாங்க, ஆயா வாயை மூடிக்குவாங்க.

வருஷம் கேட்டா சொல்ல மாட்டாங்க, நடந்ததை வச்சிதான் கணக்கு. பஞ்சாலையில சுட்டாங்கள்ல அப்பன்னு ஆரம்பிச்சா அது 1936 ஜூலை 30, புதுச்சேரியில 12 தொழிலாளிங்க செத்த அன்னிக்கி. எம்டன் குண்டுன்னா 1914 செப்டம்பர். வெள்ளைக்காரன் கொடி எறங்குன வருஷம்னா, கடலூர்க்காரங்களுக்கு 1947, பாகூர்க்காரங்களுக்கு 1954, உங்க ஆயா எந்தக் கொடியை சொல்றாங்கன்னு கேட்டு தெளிவாக்கிக்குங்க, பொறந்தது ஒரு சர்க்கார் வாழ்ந்தது இன்னொரு சர்க்கார். பழைய ஜாதக நோட்டு இருந்தா அதுல தமிழ் வருஷம் இருக்கும், அறுவது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேரு திரும்ப வரும்ங்கறதை மறக்கக் கூடாது. பிரபவ வருஷம் 1867லயும் வந்துச்சி, 1927லயும் வந்துச்சி, 1987லயும் வந்துச்சி, எது நம்ம ஆளுக்கு பொருந்தும்னு வயசை வச்சிதான் பாக்கணும். தாது வருஷப் பஞ்சத்துல ஊரை விட்டு வந்தவங்கன்னு சொன்னா அது 1876, அடுத்த தாது வருஷத்துல பஞ்சம் கெடையாது.

வீட்டுல இருக்குற காயிதம்னா எல்லாரும் ரேஷன் கார்டையும் ஆதாரையும் காட்டுறாங்க. எனக்கு வேணுங்கறது மொய் நோட்டு. நைனா கல்யாண மொய் நோட்டு, முடிஞ்சா அதுக்கு முந்துனதும். ஊரு, பேரு, அப்பா பேரு, அஞ்சு ரூவா, பத்து ரூவா, வரிசையா இருக்கும், அந்தந்த ஊருக்காரங்களை சேர்த்தே எழுதியிருப்பாங்க. சொந்தம் எந்தெந்த ஊர்ல எவ்வளவு தூரம் பரவி இருந்துச்சுன்னு இதை விட நல்ல மேப் கெடைக்காது, பெரிய தொகையா எழுதியிருக்குறது பெரும்பாலும் தாய்மாமன் வகையறா. அதோட பழைய கல்யாண பத்திரிகை, கருமாதி பத்திரிகை, ரெண்டுலயும் இன்னாரோட பேரன், இன்னாரோட மகன்னு ரெண்டு மூணு தலைமுறை அச்சுலயே இருக்கும், சோகத்துல யாரு பேரை சேர்த்தாங்க யாரை விட்டாங்கங்கறதும் ஒரு சேதிதான். தானே புயல்ல ஓடு பறந்து பரண்ல இருந்ததெல்லாம் நனைஞ்சி போச்சின்னு நம்ம பக்கத்துல நெறைய வீட்டுல சொல்வாங்க, அப்படி உங்க வீட்டுலயும் போயிருந்தா சம்பந்தி வீட்டுல கேளுங்க, பத்திரிகை அவங்ககிட்டயும் ஒண்ணு இருக்கும்.

ஸ்கூல் சர்டிபிகேட்ல இருக்குற பொறந்த தேதியை மட்டும் நம்பாதீங்க, அந்தக் காலத்துல வாத்தியார் காதைத் தொட சொல்லிட்டு ஜூன் மாசத்துல ஒரு தேதியை போட்டுடுவாரு, ஊர்ல பாதிப் பேருக்கு ஜூன்ல பொறந்தநாள்.

குலதெய்வம் எதுன்னு கேளுங்க. மேல்மலையனூர் அங்காளம்மன்னா கூட்டத்துல தேடுற மாதிரி, வடக்க தெற்கன்னு எத்தனையோ குடும்பத்துக்கு அவதான் தெய்வம். அதே ஏதோ ஒரு சின்ன ஊர்ல ஏரிக்கரையில இருக்குற பச்சைவாழியம்மனோ, வீரனோ, ஐயனாரோன்னா அது பெரிய விஷயம், உங்க கூட்டம் அந்த ஊர்லேர்ந்துதான் கெளம்பியிருக்கும், இல்ல அங்க ரொம்ப நாள் இருந்திருக்கும். அங்க பங்காளிங்கிட்ட தலைக்கட்டு வரி வாங்குற நோட்டு ஒருத்தர் வீட்டுல இருக்கும். போயி கேட்டா குடுப்பாங்க, கூடவே நிலுவையையும் கேப்பாங்க, காசு எடுத்துகிட்டு போங்க.

இப்ப நிலத்துக்கு வருவோம், தூக்கணாம்பாக்கம் கதை இங்கதான் கெடக்கு.

நைனாகிட்ட "செத்தவங்களைப் பத்தி தெரிஞ்சிக்கணும்"னு கேட்டா கத்துவாரு. "பட்டா யாரு பேர்ல இருக்கு, மூலப் பத்திரம் எங்க, நாளைக்கு பிரச்சனை வரக் கூடாதுல்ல"ன்னு கேளுங்க, அவரே பீரோவை தெறந்து குடுப்பாரு. அதுல தேட வேண்டியது பாகப்பிரிவினை பத்திரம். கிரயப் பத்திரத்துல வித்தவன் வாங்குனவன்னு ரெண்டு பேரு அப்பா பேருதான் கெடைக்கும், பாகப்பிரிவினையில அண்ணன் தம்பி அத்தனை பேரும் வயசு வரிசையில ஒண்ணாம் நபர், ரெண்டாம் நபர்னு நிப்பாங்க, "நமது தகப்பனார் இன்னார் காலமான பிறகு"ன்னு ஒரு வரி வரும், "நமது பாட்டனார் இன்னாருக்கு கிரயமாகக் கிடைத்து"ன்னு இன்னொரு வரி வந்துச்சின்னா ஒரே காயிதத்துல மூணு தலைமுறை கையில வந்துடுச்சி. மைனர் பசங்களுக்கு கார்டியனா அம்மாவை போட்டிருந்தா அந்த அம்மா பேரும் கெடைக்கும், பொம்பளைங்க பேரு இந்த மாதிரி சந்துபொந்துலதான் கெடைக்கும், வேற எங்கயும் கெடைக்காது.

எல்லாரும் படிக்காம தாண்டிப் போற எடம் ஒண்ணு இருக்கு, அது சக்குபந்தி, அதாவது நிலத்தோட நாலு பக்கத்து எல்லை. "முத்துசாமி நஞ்சைக்கு வடக்கு, பெரிய வாய்க்காலுக்கு தெற்கு, கோவிந்தன் நிலத்துக்கு கிழக்கு, நம்மில் மூன்றாவது நபர் பங்குக்கு மேற்கு"ன்னு உதாரணத்துக்கு ஒரு பத்திரத்துல இருக்குன்னு வைங்க. நிலத்தை அண்ணன் தம்பிங்க பிரிச்சா பக்கத்துப் பக்கத்துலதான் விழும், அடுத்த தலைமுறை மறுபடியும் உடைக்கும். அதனால உங்க நிலத்துக்கு நாலு பக்கத்துலயும் இருக்குற பேர்ல ஒண்ணு ரெண்டு பேராவது பங்காளியா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். இந்த முத்துசாமியும் கோவிந்தனும் யாருன்னு ஆயாகிட்ட போயி கேளுங்க. ஒருத்தரை "அவங்க நம்ம மேலத்தெரு பெரிய வீடு"ன்னு சொன்னாங்கன்னா, அந்த முத்துசாமியோட பத்திரத்தை எடுங்க, உங்க பத்திரத்துல இல்லாத கொள்ளுத்தாத்தா அவரு பத்திரத்துல இருப்பாரு. நேரா மேல ஏற முடியாதப்ப பக்கவாட்டுல போயி ஏறணும், இந்த வேலையில பாதி இதுதான்.

வீட்டுல பத்திரம் இல்லன்னா வில்லங்கம் போட்டுப் பாருங்க. 1975லேர்ந்து பெரும்பாலும் பதிவுத்துறை வெப்சைட்டுலயே பாத்துடலாம், சர்வே நம்பர் மட்டும் தெரிஞ்சா போதும். அதுக்கு முந்துனதுக்கு சார்பதிவாளர் ஆபீசுல மனு குடுத்து தேட சொல்லணும். அங்க ஆள் பேரு வாரியா ஒரு இன்டெக்ஸ், சொத்து வாரியா ஒரு இன்டெக்ஸ்னு ரெண்டு இருக்கும், நீங்க சொத்து வாரியா தேட சொல்லுங்க, பேரு வாரியா போனா பத்து கோவிந்தசாமி வருவாங்க. உங்க ஊரு அந்தக் காலத்துல எந்த ஆபீசுக்குக் கீழ இருந்துச்சின்னு மொதல்ல விசாரிச்சிடுங்க, எல்லை மாத்திகிட்டே இருந்திருக்காங்க. உயில் தனிப் புத்தகத்துல இருக்கும், எழுதுனவர் இருக்குற வரைக்கும் வேற ஆளுக்கு நகல் குடுக்க மாட்டாங்க, அவர் போயிட்டா யாரு வேணாலும் மனு போட்டு கேக்கலாம், பெத்த பிள்ளைங்களோட சேர்த்து கோவத்துல ஒதுக்கி வச்ச பிள்ளை பேரும் அதுல இருக்கும்.

பட்டா பக்கத்துல, 1980கள்ல யூடிஆர்னு நிலப் பதிவை எல்லாம் புதுப்பிச்சப்ப போட்ட பேருதான் இன்னிக்கி கம்ப்யூட்டர்ல நிக்குது. அதுக்கு முந்துன செட்டில்மெண்ட் ரெஜிஸ்டர், அ-பதிவேடு இதெல்லாம் தாலுகா ஆபீசுலயோ கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூம்லயோ இருக்கும், கேட்டுக் கெடைக்கலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல சர்வே நம்பரோட ஒரு மனு போடுங்க. பழைய ஜில்லா பேரு தென்னாற்காடு, 1993ல தான் கடலூர் விழுப்புரம்னு பிரிஞ்சது, அதனால சென்னை எழும்பூர்ல இருக்குற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு போறப்ப கடலூர் மாவட்டம்னு தேடாதீங்க, தென்னாற்காடுன்னு தேடுங்க. ஆனா அங்க போறது ரொம்ப அப்புறம். நீங்க சென்னையில இருக்கீங்கங்கறதால மொத வாரமே எழும்பூருக்கு ஓடிடாதீங்க, கையில சர்வே நம்பர் இல்லாம போனா ஒக்காந்து கொட்டாவி விட்டுட்டு வர வேண்டியதுதான்.

மக்கள்தொகை கணக்கெடுப்புல பேரு பாக்கலாமான்னு கேக்காதீங்க, நம்ம நாட்டுல தனி ஆள் விவரத்தை வெளிய குடுக்க மாட்டாங்க, 1948 சட்டத்துலயே அப்படி. வோட்டர் லிஸ்ட் வேணா பாக்கலாம், எஸ்.ஐ.ஆர் வந்தப்ப 2002, 2005 பழைய லிஸ்ட்டை எல்லாரும் தேடி ஓடுனோமே அதுதான், வீட்டு நம்பர் வாரியா இருக்கும், இப்ப இல்லாத பெருசுங்க அப்பா பேரு, வீட்டுக்காரர் பேரு, வயசோட இருப்பாங்க.

கடலூர் பக்கத்துல பிறப்பு பதிவுக்கு ரொம்ப ஆசை வைக்காதீங்க. 1899லேயே இங்க சட்டம் இருந்துச்சி, ஆனா கிராமத்துல பதியாம விட்டது ஏராளம், பதிஞ்சதுலயும் பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே எழுதுனதால "ஆண் குழந்தை"ன்னு மட்டும்தான் இருக்கும். அப்பா பேரு, தேதி, ஊரை வச்சி அது நம்ம ஆளான்னு யூகிக்கணும்.

இப்ப உங்களுக்கு ஒரு சந்தோஷமான விஷயம். நீங்க தாத்தா வழியை மட்டும் நெனச்சிகிட்டு எழுதியிருக்கீங்க, ஆனா உங்க அதிர்ஷ்டம் ஆயா வழியில இருக்கு. ஆயா பொறந்தது 1941 வாக்குல பாகூர்ல, அப்ப அது பிரெஞ்சு சர்க்கார். இன்னிக்கி பாட்டில் தாண்டுதான்னு செக் பண்ற அந்த பார்டர் இருக்கே, அது அப்ப ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருந்த கோடு, அந்தப் பக்கம் காயிதம் எழுதுற பழக்கமே வேற. புதுச்சேரியில எத்தா சிவில்னு சொல்லுவோம், பொறப்பு, கல்யாணம், சாவு மூணையும் மேரிங்கற ஊராட்சி ஆபீசுல புத்தகத்துல எழுதி கையெழுத்து வாங்குவாங்க. பொறப்புப் பதிவுல அப்பா பேரு, வயசு, தொழில், குடியிருக்குற ஊரு, அம்மா பேரு, வயசு, கூட ரெண்டு சாட்சி, அவங்க வயசு தொழிலோட. அந்த சாட்சிங்க பல நேரம் மாமனோ சித்தப்பனோதான், விடாம எழுதிக்குங்க. கல்யாணப் பதிவு இருந்துச்சின்னா இன்னும் விசேஷம், ரெண்டு பக்கத்து அப்பா அம்மா பேரும், இருக்காங்களா இல்லையாங்கறதும் இருக்கும்.

ஆயாவோட பதிவுக்கு பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துல மனு குடுங்க. அதுல ஆயாவோட அப்பா வயசு கெடைக்கும், 35ன்னு இருந்தா அவரு 1906 வாக்குல பொறந்தவரு, அடுத்து அந்த வருஷத்துக்கு முன்னப் பின்ன அஞ்சு வருஷம் தேடணும், ஏன்னா வயசெல்லாம் குத்துமதிப்புதான். நூறு வருஷத்துக்கு மேல பழசான புத்தகங்களை பிரான்சுல எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ்ங்கற ஊர்ல இருக்குற கடல்கடந்த நாடுகள் ஆவணக் காப்பகத்துக்காரங்க ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்ல இலவசமா வச்சிருக்காங்க, புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாம் உண்டு, வருஷ வாரியா பொரட்டிப் பாக்கலாம். எல்லா வருஷமும் முழுசா இருக்கும்னு நெனைக்காதீங்க, இருக்குறதை பாருங்க. சிலதுக்கு பத்து வருஷத்துக்கு ஒரு பேரு அட்டவணை இருக்கும், மொதல்ல அதைப் பாத்துடுங்க. லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்துல இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தோட கிளையும் இருக்கு, நேர்ல போறவங்க அங்கயும் விசாரிக்கலாம்.

படிக்கிறதுக்கு ரெண்டு சூட்சுமம். தேதியை நம்பர்ல போட மாட்டான், எழுத்துலதான், "மில் உய் சான்"னு ஆரம்பிச்சா ஆயிரத்து எண்ணூறு சொச்சம், "மில் நெஃப் சான்"னா ஆயிரத்து தொள்ளாயிரம். பேரை இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல தேடுனா ஒண்ணும் கெடைக்காது, "உ" சத்தம் வர்ற எடத்துல எல்லாம் ஓ-யூ ரெண்டு எழுத்து போடுவான், சாமிக்கு நடுவுல ரெண்டு எஸ் வரும், "க"வுக்கு சி போடுவான், பிள்ளைங்கறதை பி-ஓ-யூ-எல்-எல்-இன்னு எழுதியிருப்பான், சின்னசாமி எஸ்லயும் வருவாரு, சிலநேரம் சி-எச்லயும் வருவாரு. வாய்விட்டு படிங்க, காதுக்குத்தான் புரியும், கண்ணுக்குப் புரியாது. பக்கத்தோட அடியில கையெழுத்து மட்டும் தமிழ்லயே இருந்துச்சின்னா அதை தனியா ஒரு போட்டோ எடுத்து வச்சிக்குங்க, உங்க கொள்ளுத்தாத்தனுக்கு முன்னாடி இருந்தவரு கையால எழுதுன எழுத்து வேற எங்கயும் மிஞ்சியிருக்காது.

ஆயா வீட்டுல யாராவது துபாயி, லாப்போர்த்து மாதிரி பிரெஞ்சுப் பேரு வச்சிகிட்டு இருந்தா பதறாதீங்க, மதம் மாறிட்டாங்கன்னும் முடிவு கட்டாதீங்க. 1881 செப்டம்பர் 21ல ஒரு ஆணை போட்டாங்க, சொந்த சாதி மத வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வர்றேன்னு எழுதிக் குடுக்குறவங்க ஒரு குடும்பப் பேரு வச்சிக்கணும், அது பிள்ளைங்களுக்கும் போகும். ரெனோன்சான்னு அவங்களுக்குப் பேரு. பொன்னுத்தம்பி பிள்ளைங்கற வக்கீல்தான் அதுல முன்னாடி நின்னவரு, லாப்போர்த்துன்னு பேரு மாத்திகிட்டவரு. அந்த எழுதிக் குடுத்த பதிவுல பழைய தமிழ்ப் பேரும் புதுப் பேரும் ரெண்டும் இருக்கும், அதுதான் பாலம். அதே மாதிரி 1962 ஆகஸ்ட் 16க்கு அப்புறம் ஆறு மாசத்துக்குள்ள பிரெஞ்சு நாட்டுரிமை வேணும்னு எழுதிக் குடுத்தவங்க குடும்பம்னா, பிரான்சுல நான்த் ஊர்ல இருக்குற எத்தா சிவில் ஆபீசுலயும் பதிவு இருக்கும். சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குன தாத்தா யாராவது ஆயா பக்கத்துல இருந்தாங்களான்னு கேளுங்க, பட்டாளத்துக் காயிதம் இருந்தா அது தனிப் புதையல்.

கிறிஸ்தவ சொந்தம் ஏதாச்சும் இருந்தா கோவில் ஞானஸ்நானப் புத்தகம் சர்க்கார் பதிவை விட பழசா இருக்கும், புதுச்சேரியும் கடலூரும் ஒரே மறைமாவட்டம்தான், பங்கு சாமியார்கிட்ட மரியாதையா ஒரு லெட்டர் குடுத்து கேக்கணும்.

மோரீசு பெரியப்பா கதைக்கு வர்றேன், அங்க எனக்கு கணக்கு இடிக்குது. தாத்தா 1934ல பொறந்தாரு, அவங்க அப்பா 1905, 1910ல பொறந்திருப்பாரு, அப்ப பெரியப்பா 1900 வாக்கு. அவரு கப்பல் ஏறுற வயசு வர்றப்ப 1920 ஆயிடுச்சி. ஒப்பந்தக் கூலிக்கு ஆள் புடிச்சி அனுப்புறதை 1917லயே நிறுத்திட்டாங்க. பிரெஞ்சுக்காரன் புதுச்சேரி காரைக்கால்லேர்ந்து ரெயூனியனுக்கும் குவாதலூப், மார்த்தினிக்குக்கும் ஏத்துனது 1880கள்லயே நின்னு போச்சி. அதனால ரெண்டுல ஒண்ணு. போனவரு தாத்தாவோட பெரியப்பா இல்ல, அதுக்கு மேல ஒரு தலைமுறையா இருக்கணும், வாய்வழிக் கதையில ஒரு தலைமுறை சுருங்கிப் போறது சகஜம். இல்லன்னா அவரு போனது மோரீசு இல்ல, மலேயா, ரங்கூன், இல்ல அப்ப பிரெஞ்சுக்காரன் ஆண்ட வியட்நாம்ல இருக்குற சைகோன், இதுல ஒண்ணு. மலேயாவுக்கு 1938 வரைக்கும் கூலி ஆளுங்க போயிகிட்டுதான் இருந்தாங்க, சைகோனுக்கு புதுச்சேரிக்காரங்க போலீசு, கஸ்டம்ஸு, கணக்குப்பிள்ளைன்னு போனாங்க. சில வீட்டுல கடல் தாண்டுனா எல்லாமே மோரீசுதான். ஆயாகிட்ட "அங்கேர்ந்து என்ன வந்துச்சி"ன்னு கேளுங்க. ரஜுலா கப்பல்ங்கற பேரு வந்தா மலேயா. குதிரை வண்டி, பிரெஞ்சுல லெட்டர், பியாஸ்தர் காசுன்னு வந்தா சைகோன். ஒண்ணுமே வரல, லெட்டரும் வரலன்னா பழைய கூலிக் கப்பலா இருக்கலாம்.

நெசமாவே மோரீசுதான்னு தெரிஞ்சா அங்க மோக்காங்கற ஊர்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல வந்து எறங்குனவங்க ரெஜிஸ்டர் இருக்கு, ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர், அப்பா பேரு, ஊரு, ஜில்லா போட்டு. ஆனா தேடுறவங்ககிட்ட அப்பா பேரும் ஊரும் சரியா இருந்தாத்தான் பிரயோஜனம். அதனால இது கடைசி வேலை. எல்லாருக்கும் கப்பல் கதையிலதான் மொத ஆசை வருது, அதுலதான் மொத மூச்சும் முட்டுது.

டிஎன்ஏ டெஸ்டுக்கு காசை விரயம் பண்ணாதீங்க. எதிர்ப்பக்கம் டெஸ்ட் எடுத்த சொந்தக்காரன் இருந்தாத்தான் அது பொருத்தம் காட்டும், தூக்கணாம்பாக்கத்துல யாரு எடுத்திருக்கா.

எழுதி வைக்கிறதுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டே போதும், ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பேரு, கூப்புட்ட பேரு, அப்பா அம்மா, ஊரு, யாரைக் கட்டுனாங்க, கடைசியில இது யாரு சொன்னது, இல்ல எந்த பத்திரம், எந்த வருஷம். அந்தக் கடைசி வரியை எழுதாம விட்டீங்கன்னா ஆறு மாசம் கழிச்சி எது ஆயா சொன்னது, எது சித்தப்பா அடிச்சி விட்டதுன்னு உங்களுக்கே தெரியாது. ஆப்புல ஏத்தணும்னா அப்புறம் ஏத்திக்கலாம், குடும்பப் பேரு எடத்துல ஊர்ப் பேரை போடுங்க. அக்கா மகளைக் கட்டுனவங்க, மாமன் மகளைக் கட்டுனவங்கன்னு நம்ம வீட்டுல நாலு பேராவது இருப்பாங்க, ஆயாவும் தாத்தாவுமே முறையில அத்தை மகன் மாமன் மகளா இருந்தாலும் ஆச்சரியம் இல்ல. அப்ப ஒரே ஆளு ரெண்டு எடத்துல வருவாரு, ரெண்டு தடவை புதுசா ஏத்திடாதீங்க, ஏற்கனவே இருக்குற ஆளோடவே இணைங்க. பேரனுக்கு தாத்தா பேரையே வைக்கிற வழக்கமும் சேர்ந்துகிட்டா, ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பேரு வரும், 1890 பத்திரத்துல இருக்குற ஆளும் 1950 பத்திரத்துல இருக்குற ஆளும் ஒரே பேருல இருந்தா ஒரே ஆளுன்னு முடிவு பண்ணாதீங்க.

நைனா கத்துறதுக்கு வேற காரணம் இருக்கலாம். நோண்டுனா ரெண்டாவது குடும்பம் வரும், தத்து வரும், வித்த நிலத்துக்கு கையெழுத்துப் போடாத அத்தை வருவாங்க, சாதி தாண்டி நடந்த கல்யாணம் வரும், அதை வச்சி யாரையோ வெட்டி விட்டது வரும். உங்க நைனாவுக்கு அதுல ஏதோ ஒண்ணு தெரிஞ்சிருக்கலாம். கேட்டு வாங்காதீங்க, அவரே சொன்னா கேட்டுக்குங்க, உயிரோட இருக்குற யாரையும் புண்படுத்துற விஷயத்தை நோட்டுல எழுதுங்க, குடும்ப வாட்ஸாப் குரூப்ல போடாதீங்க. பத்திரத்துல இருக்குற சர்வே நம்பரையும் குரூப்ல போடாதீங்க, வம்சாவளி தேடப் போயி பங்காளி கேஸு ஆரம்பிச்ச குடும்பம் எனக்குத் தெரியும், ரெண்டு தரப்புக்கும் பழைய பிரெஞ்சுப் பத்திரத்தை மொழிபெயர்த்துக் குடுத்தது நான்தான்.

ஆயாவோட பொறப்புப் பதிவு கெடைச்சதும் தெளிவா போட்டோ எடுத்து அனுப்புங்க, நெழல் விழாம, ஓரத்துல கிறுக்கியிருக்குறதும் தெரியுற மாதிரி. ஓரத்துல பின்னாடி சேர்த்த குறிப்பு ஏதாச்சும் இருக்கும், கல்யாணமோ, பேரு திருத்தமோ, கோர்ட்டு தீர்ப்போ. அதைப் பாத்துட்டு அடுத்து எந்த வருஷப் புத்தகத்தை தெறக்கணும்னு சொல்றேன்.